ஆறு கணினிகளில் நான் மாற்றிய திரை

தோஹாவுக்கு நான் கணினி தெரிந்தவன் என்ற பெயரில் போனேன். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அறந்தாங்கியில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் படித்ததும், பிறகு அங்கேயே ஒன்றரை வருடம் மாணவர்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்ததும்தான். விண்ணப்பத்தில் 'லினக்ஸ்' என்று ஒரு வார்த்தை இருந்தது. ஏஜென்சிக்காரர் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். லினக்ஸ் சிடி ஒன்றை அதற்கு முன் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கணினிக்குள் போட்டதில்லை.

நகரம் முழுக்கக் கிரேன்கள் நின்ற காலம். எங்கள் கம்பெனி எரிவாயு ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி. ஆலையை வருடாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது ஃபிட்டர், வெல்டர், சாரம் கட்டுபவர் என்று நூற்றுக்கணக்கில் ஆள் கேட்பார்கள். அலுவலகம் நகரின் நஜ்மா பகுதியில், ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில். ஆறு கணினிகள், ஆறும் பழையவை. நான் சேர்ந்த மூன்றாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார். அவர் ஹைதராபாத்காரர், எல்லோரோடும் இந்தியில்தான் பேசுவார். காசு கொடுத்து வாங்காத சாஃப்ட்வேர் வைத்திருக்கும் அலுவலகங்களில் சோதனை வருகிறதாம், முதலாளி பயப்படுகிறார், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறதாமே, நீ அது தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடு என்றார். தெரியாது என்று சொல்ல அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. "ஓகே சார்" என்றேன்.

எப்படியோ மாற்றினேன். இணையத்தில் பக்கம் பக்கமாக அச்சடித்து, அறைக்குக் கொண்டுபோய்ப் படித்து, மறுநாள் செய்வேன். இரண்டு வாரத்தில் ஆறும் லினக்ஸில் ஓடின. ஓடின என்பதைவிட நகர்ந்தன என்று சொல்லவேண்டும். சிடியோடு வந்த டெஸ்க்டாப் என்ற பெரிய திரை அமைப்பு அந்தக் கணினிகளால் சுமக்க முடியாத எடை. மெனுவைச் சொடுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். மேனேஜர் கிண்டல் செய்யவில்லை. என்னைக் கடந்துபோகும்போது ஒருமுறை பார்ப்பார்.

அந்த வேகக் குறைவைப் பொறுத்துக்கொண்டவர் ஒருவர்தான். சாவகச்சேரிக்கார அக்கா. நாற்பது வயதிருக்கும். இரண்டு இலங்கை நர்ஸுகளோடு ஒரு ஃபிளாட்டில் தங்கியிருந்தார். ஆலைக்குள் போகும் ஆட்களின் பெயர்ப் பட்டியலை அடிப்பது அவர் வேலை. பெயர், பாஸ்போர்ட் எண், அடையாள அட்டை எண், தொழில். முந்தைய நாள் மதியத்துக்குள் பட்டியல் ஆலையின் செக்யூரிட்டிக்குப் போய்ச் சேரவேண்டும். பட்டியலில் இல்லாதவன் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான். நான்கு வருடத்தில் ஒரு பெயர்கூட அவர் கையால் தவறியதில்லை என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

புதிய திரை வந்தபோது அவர் குறை சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டில் எது எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். கீழே உள்ள பட்டையில் மூன்றாவது பட்டியல், ஐந்தாவது இணையம். இணையத்தில் அவர் பார்ப்பது ஊர்ச் செய்தி மட்டும். போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த சமயம். காலை வந்ததும் ஐந்து நிமிடம் அதை வாசித்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் நகல் கட்டைப் பிரிப்பார்.

என் மானம் போய்க்கொண்டிருந்தது. ஓர் இணைய மன்றத்தில் என் பிரச்சினையை எழுதிப் போட்டேன். கணினியை மாற்றாதே, விண்டோ மேனேஜரை மாற்று என்று யாரோ பதில் எழுதியிருந்தார். அப்படி ஒன்று தனியாக இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து அறையில் ஒரு கணினி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அதில், ஓடிக்கொண்டிருந்த விண்டோ மேனேஜரைக் கட்டளை கொடுத்து நிறுத்திப் பார்த்தேன். திரையில் இருந்த மூன்று விண்டோக்களின் மேல்பட்டையும் ஓரமும் மூடும் பொத்தானும் சட்டென்று காணாமல் போயின. உள்ளே இருந்த எழுத்துகள் அப்படியே இருந்தன. கடிகாரம் ஓடியது. ஆனால் எதையும் நகர்த்த முடியவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. அப்போதுதான் விளங்கியது. வேலை செய்யும் புரோகிராம் வேறு. அதற்கு ஓரம் போட்டு, இடம் கொடுத்து, முன்னே பின்னே தள்ளுவது வேறு. இரண்டாவதை மட்டும் கழற்றி வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நானாகக் கண்டுபிடித்த சந்தோஷம். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் பரமக்குடிப் பக்கம், எங்கள் கம்பெனியிலேயே சாரம் கட்டும் கோஷ்டிக்கு ஃபோர்மேன். "நல்லது தம்பி. சோறு வைக்கிறியா?" என்றார்.

மாற்றுவதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. முதலில் தப்பான கோப்பில் எழுதி, எதுவுமே மாறாமல் விழித்தேன். அடுத்து ஓர் எழுத்துப் பிழையால் வெறும் கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், நுழைவுத் திரையில் பாஸ்வேர்டு போடும் இடத்துக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் இருந்தது. கணினியில் உள்ள டெஸ்க்டாப்புகளின் பெயர்கள் அதில் இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால் போதும். நாலைந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்பதில் நின்றேன். அதே பழைய கணினி, தொட்டால் திறந்தது.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். அந்த மன்றத்தில் ஆட்கள் தங்கள் திரைகளைப் படமெடுத்துப் போடுவார்கள். ஐகான் கிடையாது, பட்டை கிடையாது, ஒரு மலையோ கடலோ மட்டும் இருக்கும். எனக்கு அந்த ஆசை தொற்றிக்கொண்டது. கீழ்ப்பட்டை தானாக ஒளிந்துகொள்ளும்படி வைத்தேன். மெனுவை என் கையால் எழுதினேன். வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தினால் வரும். பாலைவனப் படம் ஒன்றைப் பின்னால் போட்டேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் போய் அலுவலகத்தின் ஆறு கணினிகளையும் அப்படியே மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜர் தன் கணினியைத் திறந்து, பட்டென்று திறந்ததைப் பார்த்து, என் முதுகில் தட்டினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அக்கா மட்டும் கேட்டார், கீழே இருந்த பட்டை எங்கே என்று. மவுஸை அடி விளிம்புக்குக் கொண்டுபோனால் வரும் என்றேன். எப்போதும் நிற்கிற மாதிரி வைக்கலாமா என்றார். வைக்கலாம், ஒரு வரியை மாற்றினால் போதும். "இதாங்க்கா அழகு. பழகிடும்" என்றேன். ஊர்ச் செய்தி பார்க்க இணையம் எங்கே என்று கேட்டார். அவருடைய மெனுவில் நான் அதைச் சேர்க்கவில்லை. அவருக்கு எது தேவை என்று நானே தீர்மானித்து எழுதிய மெனு அது. மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேலைக்கு வேண்டியது மட்டும் வைக்கச் சொல்லி மேனேஜர் உத்தரவு என்றேன். மேனேஜர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா "ஓம்" என்று தலையாட்டித் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் கழித்துச் சேர்த்துக் கொடுத்தேன். அந்த மூன்று நாளும் அவர் காலையில் நேராகப் பாஸ்போர்ட் கட்டைப் பிரித்தார்.

இன்னொன்றையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. ஃப்ளக்ஸ்பாக்ஸில் திரை ஒன்றல்ல, நான்கு. ஒன்றில் வேலையை விரித்துவைத்துவிட்டு வெற்றிடமான அடுத்ததற்குப் போகலாம். வெற்றிடத்தில் மவுஸின் சக்கரத்தை உருட்டினாலே அடுத்த திரைக்கு மாறிவிடும். எந்தத் திரையில் நிற்கிறோம் என்பதைக் கீழ்ப்பட்டை காட்டும். அந்தப் பட்டையைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. ஆலையில் மறுநாள் பெரிய வேலை, அறுபது பேருக்குப் பட்டியல். பகல் பதினொன்றைத் தாண்டியிருக்கும். நான் பேப்பர் அடுக்கும் பின்னறையில் என் மேசையில் இருந்தேன். என் திரையின் படத்தை மன்றத்தில் போட்டிருந்தேன். பாராட்டி இரண்டு பதில் வந்திருந்தது. அதற்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எல்லாம் போயிட்டுது. திரையில ஒண்டும் இல்லை."

எழுந்து பத்தடி நடந்திருந்தால் முடிந்திருக்கும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹேங் ஆயிருக்கும்க்கா. ரீஸ்டார்ட் பண்ணிருங்க."

"பண்ணினா அடிச்சது போகாதோ?"

"அது போயிருச்சுக்கா, இனிமே பண்ணாட்டியும் வராது."

அவர் போய்ப் பொத்தானை அழுத்தினார். சேமிக்காமல் வைத்திருந்த பெயர்கள் அப்போதுதான் போயின. அதுவரை அடுத்த திரையில் பத்திரமாக இருந்தன.

மதியத்துக்கு அரை மணிநேரம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் மறுபடி அடித்து, நேரத்துக்கு அனுப்பியும்விட்டார். அந்த அவசரத்தில் நகல் கட்டில் பத்தொன்பது பேருடைய தாள்கள் தனியாகப் பிரிந்து கீழே கிடந்தன. அவை பட்டியலில் ஏறவில்லை.

அன்று மாலை நான் மன்றத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது கை தவறிச் சக்கரம் வெற்றிடத்தில் உருண்டது. என் விண்டோ மறைந்தது. பாலைவனம் மட்டும் தெரிந்தது. எனக்குப் பழக்கம் என்பதால் யோசிக்காமல் திருப்பி உருட்டினேன். வந்துவிட்டது. அப்போதுதான் கை நின்றது. காலையில் நடந்தது என்ன என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அக்கா பர்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லலாம். பட்டியல்தான் அனுப்பியாகிவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்தொன்பது பேரும் ஆலை வாசலில் நின்றார்கள். பஸ் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஜூலை மாத வெயில், நிழலுக்கு ஒரு கன்டெய்னரின் பக்கவாட்டைத் தவிர வேறில்லை. வேறு பஸ் ஏற்பாடு செய்து அவர்களைத் திருப்பிக் கூட்டிவர மதியத்தைத் தாண்டிவிட்டது. ஒருவர் வாந்தியெடுத்து விழுந்தார். ஆலையிலிருந்து கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் வந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னார். திரையில் எல்லாம் மறைந்தது, இவரிடம் கேட்டேன், ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார், திரும்ப அடித்ததில் ஒரு கட்டு விட்டுப்போயிற்று, அது என் பிழை. மேனேஜர் என்னைப் பார்த்து, சிஸ்டத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

கோளாறு இல்லை என்றேன். அது உண்மைதான், எதுவும் பழுதாகவில்லை. ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் என்றுதான் யாரும் சொல்வார்கள் என்றேன். அதுவும் உண்மைதான். அப்போதைக்கப்போது சேமித்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இந்தியில் ஒன்றும் சேர்த்தேன். மேனேஜர் தலையாட்டினார். நான் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மாத முடிவிலிருந்து தொழிற்பேட்டையில் இருக்கும் லேபர் கேம்ப் அலுவலகத்துக்கு மாற்றம். நஜ்மாவிலிருந்து ஒரு மணிநேரப் பயணம். ஆயிரம் ஆண்கள் இருக்கும் கேம்ப்பில் ஒரே பெண்ணாக ஓர் அறை. கடிதத்தை நின்றபடியே படித்து, தன் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பத்தொன்பது பேரில் என் அறை அண்ணனும் ஒருவர். வாந்தியெடுத்தவரைத் தூக்கிக் கன்டெய்னர் ஓரத்தில் படுக்கவைத்தது அவர்தான். அன்று மாலை கழுத்தெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தார்.

"லிஸ்ட் அடிக்கிறது யாருடா? பொம்பளையாமே."

"சிலோன்காரவங்க ஒருத்தங்க" என்றேன்.

"பத்தொம்பது பேரை விட்டுட்டு என்னத்தடா அடிச்சா?"

"என்ன பண்றதுண்ணே" என்று அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அந்த முகம் தெரியாத பெண்ணை இன்னும் நாலு வார்த்தை திட்டினார். நான் கூடவே தலையாட்டினேன். இத்தனை வருடம் கழித்து அந்த நாட்களை நினைத்தால், மேனேஜர் அறையில் பேசியதைவிட இந்தத் தலையாட்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அக்கா மாற்றலாகிப் போவதற்கு நாலைந்து நாள் முன்பு அவர் கணினியில் அது மறுபடி நடந்திருக்கிறது. இந்தமுறை அவர் என்னிடம் வரவில்லை. கையை எடுக்காமல், கடைசியாக என்ன செய்தோம் என்று யோசித்து, அதையே திருப்பிச் செய்து பார்த்திருக்கிறார். நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது கூப்பிட்டார். சக்கரத்தை உருட்டினார், பட்டியல் மறைந்தது. திருப்பி உருட்டினார், வந்தது. இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்து காட்டினார்.

"அண்டைக்கும் இதுதானோ தம்பி?"

"இருக்கலாம்க்கா."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கே இப்பத்தான்க்கா தெரியுது."

அவர் திரும்பிப் பட்டியலை அடிக்கத் தொடங்கினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் காலை அவருடைய திரையில் பழைய பெரிய டெஸ்க்டாப் இருந்தது. கீழே பட்டை, பட்டையில் மூன்றாவது பட்டியல், ஐந்தாவது இணையம். நான் ஒரு மாதம் முட்டி மோதிக் கற்றதை அவர் நுழைவுத் திரையின் சின்னப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு மதிய இடைவேளையில் செய்து முடித்திருந்தார். என்னைக் கண்டதும் விளக்கம் கேட்காமலே சொன்னார்.

"இது ஆறுதலாத்தான் வருது. ஆனா ஒண்டையும் ஒளிக்கேல்லை."

அவர்கள் பேச்சில் ஆறுதல் என்றால் மெதுவாக. அது எனக்குத் தெரிந்திருந்தும், அந்த வார்த்தை வேறு மாதிரி வந்து விழுந்தது. என் மேசைக்குப் போய் உட்கார்ந்து, சும்மா ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அக்கா போன பிறகு மற்ற ஐந்து கணினிகளிலும் பட்டையைத் தெரியும்படி வைத்தேன். சக்கரத்தின் வேலையை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மன்றத்தின் பக்கம் போவதை விட்டுவிட்டேன். இவற்றையெல்லாம் ஏதோ பிராயச்சித்தம் மாதிரி செய்தேன். சொல்லவேண்டியவர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேம்ப்பில் நடந்த எதையோ சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த சிலோன் அம்மாவை நேரில் பார்த்துவிட்டேன் என்றார். ஆட்கள் முப்பது பேர் வரிசையில் நிற்க, அவர் மேசைக்கு முன்னால் நின்று, உன்னால் ஒருத்தன் செத்திருப்பான், தெரியுமா என்று கேட்டாராம். "அந்தம்மா எந்திரிச்சு நின்னு, மன்னிச்சுக்கோங்கன்னுச்சு. அதோட விட்டுட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பட்டையை ஒளித்தது, திரும்பிப் பார்க்காமல் ரீஸ்டார்ட் என்றது, அன்று மாலையே தெரிந்தது, மேனேஜர் அறையில் பேசியது, எல்லாவற்றையும். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் நான் என்ன செய்தேன் என்பது நன்றாகப் புரிந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீ வாயத் தெறக்கல. நான் அந்தம்மாவ அத்தனை பேருக்கு முன்னாடி பேசிட்டேன்."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் சமாதானப்படுத்தவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது. அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் அவர் டியூட்டி முடிந்ததும் கேம்ப் அலுவலகத்துக்குப் போய், ஆட்கள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, தப்பாகப் பேசிவிட்டேன் என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எந்தத் தவறும் செய்யாதவர் அவர். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது உன் வேலை என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அறையில் உப்பு எங்கே, லைட்டை அணை என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

நான் முதலில் மேனேஜரிடம் போனேன். அக்காவை நேரில் பார்ப்பதைவிட அது சுலபமாகத் தோன்றியது. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆலைக்குப் பதில் போய்விட்டது, ஃபைல் மூடியாகிவிட்டது, இப்போது எதற்கு இதைக் கிளறுகிறாய் என்றார். "கலாஸ் பாய், ஜாவ்" என்று, முடிந்தது, போ என்ற பாவனையில் கையை அசைத்தார். வெளியே வந்தபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. நான் சொல்லிவிட்டேன், அவர்தான் வேண்டாம் என்றுவிட்டார். படிக்கட்டில் பாதி இறங்கும்வரை அந்த நிம்மதி இருந்தது.

அடுத்த வாரம் கேம்ப்புக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, துணி காயப்போட்ட வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். அலுவலகம் என்பது தகரக் கொட்டகையில் ஓர் அறை. ஜன்னலில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. அக்கா யாரோ ஒருவருக்கு விடுமுறைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருக்கச் சொன்னார். காத்திருந்து, சொன்னேன். முன்பே எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"மனேஜரிட்டச் சொன்னனீங்களோ?"

சொன்னேன், ஃபைல் மூடியாச்சு என்கிறார் என்றேன்.

"எழுத்தில குடுத்தனீங்களோ?"

இல்லை என்றேன். எச்சரிக்கைக் கடிதம் தன் ஃபைலில் இருக்கும்வரை தனக்கு வேறு கம்பெனிக்குப் போகச் சம்மதக் கடிதம் தரமாட்டார்கள் என்று விளக்கினார். குரலில் எந்தக் குறையும் இல்லை, படிவம் நிரப்ப வந்தவரிடம் பேசிய அதே குரல். பிறகு எழுந்து, தன் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார்.

ஆங்கிலத்தில் எழுதினேன். குறிப்பிட்ட நாளில் திரையின் அமைப்பு காரணமாகப் பட்டியல் மறைந்தது, பிறகு கணினி ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, அதனால் பெயர்கள் அழிந்தன, இதற்குத் தட்டச்சாளர் பொறுப்பல்ல. நாலு வரி. நன்றாக எழுதியதாகவே பட்டது. நீட்டினேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். ஓர் எழுத்துப் பிழையைப் பென்சிலால் சுழித்தார். பிறகு தாளை என் முன்னால் திருப்பி வைத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"செய்யப்பட்டது எண்டு கிடக்கு. ஆர் செய்யச் சொன்னது எண்டு இல்லையே தம்பி."

அப்போதும் நான் ஒளித்திருந்தேன். எழுதும்போது எனக்கே தெரியவில்லை. வாசலில் இரண்டு பேர் வந்து எட்டிப்பார்த்தார்கள்; கொஞ்சம் இருங்கோ என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். காது மடல்கள் சூடாக, அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இந்தமுறை ஒவ்வொரு வரியும் 'நான்' என்று தொடங்கியது. நான் மாற்றினேன். நான் பட்டையை மறைத்தேன். நான் போய்ப் பார்க்கவில்லை. நான் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அன்று மாலையே எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அவர் கம்பெனி முத்திரையை அதன்மேல் குத்தி, ஒரு நகலெடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, மூலத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வாசலில் நின்ற இருவரில் முன்னால் இருந்தவரை உள்ளே கூப்பிட்டார். நான் அவருடைய நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டேன்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் தன் எச்சரிக்கையை ரத்து செய்யவைத்தார். அடுத்த வருடம் வேறொரு கம்பெனிக்குப் போனார். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. மேனேஜர் அதை நீட்டியபோது, இப்போது சந்தோஷமா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். அது உண்மை.